நுனிதான் முக்கியம், நம்பர் இல்லை: பிள்ளைக்கு நல்ல பிரஷ் வாங்குவது எப்படி?

லண்டனில் பிள்ளைகள் இருக்கிற தமிழ் வீடு ஒன்றில் அலுமாரியைத் திறந்தால், பாதி பாவித்த ஆர்ட் செட் ஒன்று கட்டாயம் இருக்கும். பிறந்தநாளுக்கு ஒரு மாமியோ சித்தப்பாவோ கொண்டுவந்தது. மரப்பெட்டி, 24 நிறங்கள், பத்துப் பன்னிரண்டு பிரஷ். நிறங்கள் பரவாயில்லை. பிரஷ்கள்தான் இரண்டு கிழமையில் முடி விரிந்து தும்புத்தடி மாதிரி ஆகியிருக்கும்.

செட் வீணாய்ப் போனால் போகட்டும். எனக்குக் கவலை வேறு. அந்தப் பிரஷால் ஒரு கண்ணிமையையோ பூவின் நரம்பையோ கீறப் பார்க்கிற பிள்ளை, கோடு தடித்துப் போனதும் "எனக்குக் கீற வராது" என்று முடிவு கட்டிவிடும். எட்டு, ஒன்பது வயதில் பிள்ளைகள் தங்களைப் பற்றி எடுக்கிற முடிவுகள் லேசில் மாறாது. கணக்கில் அப்படி ஒரு முடிவு எடுத்தால் நாங்கள் உடனே டியூஷன் தேடி ஓடுகிறோம். படம் கீறுவதில் எடுத்தால், "சரி, அவளுக்கு அது வராது போல" என்று விட்டுவிடுகிறோம்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே விஷயம்தான். நுணுக்கமான வேலைக்கு என்ன பிரஷ் வாங்குவது, ஏன்? நீர்வண்ணம், மினியேச்சர் ஓவியம், இப்போது பதின்ம வயதுப் பிள்ளைகள் பைத்தியமாய் இருக்கிற வார்ஹாமர் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

கை பிழையா, பிரஷ் பிழையா?

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கட வேலையில் ஒரு பிழையைத் தேடும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாய் மாற்றமாட்டோம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். என் ஒன்பது வயது மகளோடு சாப்பாட்டு மேசையில் அதைத்தான் செய்தேன். அதே தாள், அதே பச்சை நிறம், அதே கை. பிரஷ் மட்டும் இரண்டு. ஒன்று, செட்டில் வந்த மிகச் சின்னப் பிரஷ். மற்றது, பார்வைக்கு அதைவிட நாலு மடங்கு தடித்த, நல்ல நுனியுள்ள 2ஆம் நம்பர் பிரஷ்.

செட் பிரஷ் ஒரு இலையின் நடு நரம்பைப் பாதி தூரம் கீறியதும் காய்ந்துவிட்டது. மறுபடி தோய்த்ததும் கோடு கொழுத்தது. மற்றப் பிரஷை ஒருமுறை தோய்த்து எடுத்தே நடு நரம்பும் பக்க நரம்புகள் ஏழும் கீறி முடித்தாள். "அப்பா, இது பெரிசு. ஆனா லைன் சின்னனா வருது!" என்றாள்.

நுணுக்கப் பிரஷ் பற்றி ஒரு தாய் தகப்பனுக்குத் தெரியவேண்டியதில் பாதி அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

சின்ன நம்பர் என்ற மாயை

பிரஷ் நம்பர்கள் ஏறினால் தடிப்பு ஏறும். பூச்சியத்துக்குக் கீழே போகும்போது பூச்சியங்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 000 என்றால் மூன்று பூச்சியம். அதை 3/0 என்றும் எழுதுவார்கள். 10/0 என்றால் பத்துப் பூச்சியம், கண்ணுக்கே தெரியாத அளவு. நுணுக்க வேலை என்றதும் எல்லாரும் முதலில் தேடுவது இந்தப் பூச்சியங்களைத்தான்.

ஆனால் பிரஷ் இரண்டு வேலை செய்கிறது. அது ஒரு பேனா முனை, அதோடு ஒரு தண்ணீர்த் தாங்கி. வண்ணம் நிற்பது முடிகளுக்கு நடுவில் இருக்கிற தண்ணீரில். நடுவில் கொஞ்சம் பருத்திருக்கிற பகுதியை 'வயிறு' என்பார்கள், அதுதான் தாங்கி. 10/0 பிரஷுக்கு வயிறே கிடையாது. மாரிகாலத்தில் ஹீற்றர் போட்ட அறையில், கை தாளுக்குப் போவதற்குள் அதன் நுனியில் இருக்கிற வண்ணம் காய்ந்துவிடும். காய்ந்ததும் பிள்ளை அழுத்தும். அழுத்தினதும் கோடு தடிக்கும்.

கோட்டின் மெல்லிசைத் தீர்மானிப்பது நுனி. நனைந்த முடிகளைத் தண்ணீர் தானாகவே ஒன்றாய் இழுத்துக் கட்டும். ஒவ்வொரு முடியும் இயற்கையாகவே முனையில் கூராகி, அந்த முனைகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால், 2ஆம் நம்பர் பிரஷிலும் ஊசி மாதிரி நுனி வரும். அதனால்தான் நல்ல பிரஷ் செய்கிறவர்கள் முடியின் முனையை வெட்டி வடிவம் எடுப்பதில்லை. முடிகளைக் கையால் அடுக்கித்தான் வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள்.

மூன்றாவது குணம் துள்ளல். அழுத்திவிட்டு எடுத்தால் பிரஷ் பழையபடி நிமிர வேண்டும். வளைந்தபடி படுத்துக் கிடந்தால் அடுத்த கோடு எங்கே விழும் என்று பிள்ளைக்குத் தெரியாது.

நுனி, வயிறு, துள்ளல். இந்த மூன்றையும் பாருங்கோ. நம்பர் அதற்குப் பிறகுதான்.

மகாராணி கேட்டது ஏழாம் நம்பர்

இந்த விஷயத்தில் லண்டனில் இருக்கிற எங்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரஷின் வரலாறு எங்கட ரியூப் தூரத்தில் இருக்கிறது.

1832இல் வில்லியம் வின்சர், ஹென்றி நியூட்டன் என்ற இருவர் ராத்போன் பிளேஸ் 38ஆம் இலக்கத்தில் ஒரு வண்ணக் கடை தொடங்கினார்கள். ரொட்டன்ஹாம் கோர்ட் ரோட் ஸ்டேஷனில் இறங்கினால் சில நிமிட நடை. அவர்களுடைய நிறுவனமான வின்சர் அண்ட் நியூட்டனுக்கு 1866இல் விக்டோரியா மகாராணியிடமிருந்து கட்டளை வந்தது: நீர்வண்ணத்துக்கு ஆகச் சிறந்த பிரஷ் செய்து தர வேண்டும். அவருக்குச் செய்தவற்றின் கைபிடி யானைத் தந்தம், முடியைப் பிடித்து நிற்கிற பூண் வெள்ளி. மகாராணிக்குப் பிடித்த அளவு 7ஆம் நம்பர். அதனால்தான் அந்த வரிசைக்கு 'சீரிஸ் 7' என்று பெயர். இன்றைக்கும் சஃபோக்கில் லோவெஸ்டோஃப்ட் என்ற கரையோர ஊரில் செய்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, 7ஆம் நம்பர் என்பது தடித்த பிரஷ். கேட்டது எதுவும் கிடைக்கக்கூடிய ஒருவர் பூச்சியங்களைக் கேட்கவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் சேகரிப்பில் நிக்கலஸ் ஹில்லியார்ட் ஏறக்குறைய 1587இல் வரைந்த ஒரு படம் உண்டு. ரோஜாச் செடிகளுக்கு நடுவில் ஒரு இளைஞன் மரத்தில் சாய்ந்து நிற்கிறான். உயரம் 14 சென்ரிமீற்றர்கூட இல்லை. அந்தக் காலத்து ஆங்கில மினியேச்சர் ஓவியர்கள் பாவித்தது பறவை இறகுத் தண்டுக்குள் செருகிய அணில் முடி.

அதே மியூசியத்தில்தான் அக்பர்நாமாவின் 116 ஓவியங்களும் இருக்கின்றன. அவையும் ஏறக்குறைய அதே காலம், 1590களின் முதற்பாதி. முகலாய ஓவியர்கள் பாவித்ததும் அணில் வால் முடிதான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பட்டறைகள் ஒரே விடைக்கு வந்திருக்கின்றன. இந்திய மினியேச்சர் பற்றிப் பேசும்போது 'ஒற்றை முடித் தூரிகை' என்று ஒரு பேச்சு அடிபடும். உண்மையில் ஒரே ஒரு முடியில் வண்ணம் நிற்காது. பல முடிகள் சேர்ந்து, நுனியில் ஒன்றாய் முடிகிற தூரிகை அது. திரும்பவும் வயிறும் நுனியும்தான்.

எங்கட பக்கத்திலும் இந்தக் கலை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரருக்காகத் தாளில் நீர்வண்ணப் படங்கள் வரைந்தார்கள். நெசவாளர், குயவர், கோயில் ஊர்வலம், பறவை, பூ என்று ஊரில் கண்டதெல்லாம் அதில் வரும். பிரிட்டிஷ் மியூசியத்திலும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டிலும் இவை உண்டு. எல்லாம் எப்போதும் காட்சியில் இருக்காது. ஆனால் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு சேலைக் கரையின் கோட்டைப் பிள்ளைக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கோ. மெல்லிசாய்த் தொடங்கி, தடித்து, திரும்ப மெல்லிசாய் முடிகிற கோடு. அது ஒரே இழுப்பில் வந்தது.

இது யாருடைய முடி?

பிள்ளைகள் கட்டாயம் கேட்கிற கேள்வி இது. பதில் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

ஆகச் சிறந்தது என்று ஓவியர்கள் சொல்வது கோலின்ஸ்கி சேபிள். பெயரில் சேபிள் இருந்தாலும், இது சைபீரிய வீசல் என்ற, கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள ஒரு சிறு விலங்கின் வால் முடி. காட்டில் பொறி வைத்துப் பிடிக்கப்படுகிற விலங்கு. சுத்த மரக்கறி வீடுகளில் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. பிள்ளைக்கு மறைக்காமல் சொல்லிவிட்டால் போதும்.

அணில் முடிப் பிரஷ் இன்றைக்கும் கடைகளில் உண்டு. தண்ணீரை நன்றாய்க் குடிக்கும், ஆனால் துள்ளல் குறைவு. வானம், கடல் என்று அகலமாய்ப் பூசத்தான் அது வசதி. 'ஒட்டக முடி' என்று எழுதியிருக்கிற பிரஷில் ஒட்டகம் இல்லை. அணில், குதிரைக்குட்டி, ஆடு என்று ஏதோ ஒன்றின் முடி இருக்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாத ஒன்று கீரி முடி. இந்தியாவில் கீரி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிறது. அதன் முடியில் பிரஷ் செய்வதும் விற்பதும் குற்றம். ஆனாலும் கள்ளத்தனமாய் நடந்தது. 2019இல் இந்தியாவின் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரஷ்களும் 100 கிலோவுக்கு மேல் கீரி முடியும் பிடிபட்டன. ஒரு கீரியிடமிருந்து கிடைப்பது சில பத்து கிராம் முடிதான். எத்தனை உயிர் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

தமிழில் நாங்கள் இந்த இரண்டு விலங்குகளையும் அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். அம்மம்மாமார் சொன்ன கதையில் தொட்டில் குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றியதும் கீரிப்பிள்ளைதான். இந்தியா போய் வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு ஓவியச் சாமான் வாங்கி வருவது வழக்கம். அப்போது பிரஷின் முடியைப் பாருங்கோ. நுனி கடும் கபிலம், நடு வெளிர் நிறம், அடி சாம்பல் என்று ஒரே முடியில் பட்டை பட்டையாய் இருந்தால் தொடவேண்டாம். விலங்கு முடிப் பிரஷ் எதுவானாலும் நாடு விட்டு நாடு அனுப்பும்போது சிக்கல் வரலாம். 2013இல் அமெரிக்க அதிகாரிகள் கோலின்ஸ்கி பிரஷ்களை எல்லையில் தடுத்து வைத்து, அங்கே கடைகளில் தட்டுப்பாடு வந்தது. கனடா, அமெரிக்காவில் இருக்கிற மருமக்களுக்கு அனுப்புவதென்றால் செயற்கை முடியே சுகம்.

செயற்கை முடி இன்று நன்றாய் முன்னேறிவிட்டது. நல்லவற்றில் நுனி கூராய் வரும், துள்ளல் நன்றாய் இருக்கும். குறை இரண்டு. தண்ணீர் கொஞ்சம் குறைவாய்ப் பிடிக்கும். பல மாதம் பாவித்த பிறகு நுனி தூண்டில் மாதிரி ஒரு பக்கம் வளையும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டும் பெரிய குறை இல்லை.

கடையில் தண்ணீர் கேளுங்கோ

புதுப் பிரஷ் எல்லாம் கடையில் ஊசி மாதிரித்தான் நிற்கும். நம்பவேண்டாம், அது பசை. வழியில் முடி கலையாமல் இருக்கப் பூசி அனுப்புகிறார்கள். நல்ல ஓவியச் சாமான் கடையில் சோதித்துப் பார்க்கத் தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள்.

1. தண்ணீரில் மெதுவாய் அலசிப் பசையைக் கரையுங்கோ.
2. மணிக்கட்டை ஒருமுறை சுண்டி உதறுங்கோ. முடிகள் தானாய் ஒரே நுனிக்கு வர வேண்டும். இரண்டாய்ப் பிரிந்தாலோ ஒரு முடி தனியே நீட்டிக்கொண்டு நின்றாலோ திரும்ப வையுங்கோ.
3. நகத்தில் மெதுவாய் அழுத்தி எடுங்கோ. நிமிர வேண்டும்.
4. பூணைப் பாருங்கோ. ஆடக்கூடாது. பொருத்து வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்க் கைபிடி உப்பும்.

ஒரே வகையில் மூன்று பிரஷை வாங்கி மூன்றையும் சோதித்து ஒன்றைத் தெரிவு செய்யலாம். கையால் செய்கிற பொருள் என்பதால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒன்லைனில் வாங்கினால், வந்த அன்றைக்கே வெறும் தண்ணீரில் இதைச் செய்து பாருங்கோ. வண்ணம் தொட்ட பிறகு திருப்பி அனுப்ப முடியாது.

பிள்ளையோடு ஒரு சனிக்கிழமை போக நல்ல இடம், கிரேட் ரஸல் தெரு 105ஆம் இலக்கத்தில் உள்ள கோர்னெலிசன் கடை. 1855இல் தொடங்கிய நிறுவனம். சுவர் முழுக்கப் போத்தல்களில் நிறப்பொடி. பிரிட்டிஷ் மியூசியம் கூப்பிடு தூரம் என்பதால் இரண்டையும் ஒரே நடையில் முடிக்கலாம்.

யாருக்கு எது?

ஆறு முதல் ஒன்பது வயது: செயற்கை முடி, வட்ட வடிவம், 2ஆம், 6ஆம் நம்பர். இரண்டு போதும். ப்ரோ ஆர்ட் ப்ரோலீன், வின்சர் அண்ட் நியூட்டன் கொட்மன் போன்றவை பொக்கெட்டைக் கடிக்காது.

பத்து வயதுக்கு மேல், உண்மையிலேயே ஆசையுள்ள பிள்ளை: ஒரே ஒரு நல்ல பிரஷ், 1 அல்லது 2ஆம் நம்பர். செயற்கையில் ஸ்பெயினின் எஸ்கோடா வெர்சாட்டில். கோலின்ஸ்கி என்று முடிவெடுத்தால் சீரிஸ் 7, பிரான்ஸின் ரஃபாயெல் 8404, ஜெர்மனியின் டா வின்சி மாஸ்ட்ரோ, யோர்க்ஷயரில் கையால் செய்கிற ரோஸ்மேரி அண்ட் கோ 33ஆம் வரிசை. 2ஆம் நம்பர் ஒன்று ஏறக்குறைய 10 முதல் 20 பவுண்ட் வரும். ஒரு நிறுவனத்தின் 2ஆம் நம்பர் மற்ற நிறுவனத்தின் 2ஆம் நம்பர் அல்ல. படத்தைப் பார்க்காமல் அளவைப் பார்த்து வாங்குங்கோ.

'மினியேச்சர்' என்று பெயர் போட்ட பிரஷ்: முடி குட்டையாய் இருக்கும். புள்ளி வைக்கக் கட்டுப்பாடு கூட, ஆனால் வண்ணம் குறைவாய்ப் பிடிக்கும். முதல் பிரஷாக வேண்டாம், இரண்டாவதாக வாங்கலாம்.

நீண்ட கோடு, கோலம், கொடி, தலைமுடி: 'ரிக்கர்' என்ற நீண்ட மெல்லிய பிரஷ். ஒரு காலத்தில் பாய்க்கப்பலின் கயிறுகளை வரையப் பாவித்ததால் அந்தப் பெயர்.

வார்ஹாமர்: அந்த நிறங்கள் அக்ரிலிக். காய்ந்தால் பிளாஸ்டிக். பூணுக்குள் ஒருமுறை காய்ந்தால் எந்தப் பிரஷும் திரும்பாது. அதனால் அடி நிறத்துக்கும் பெரிய வேலைக்கும் மலிவான செயற்கைப் பிரஷ். கண், பொத்தான், வாள் விளிம்பு ஆகிய கடைசி வேலைக்கு மட்டும் நல்லது ஒன்று. காய்ந்த நிறத்தைத் தேய்த்து எடுக்கிற 'ட்ரை பிரஷ்' வேலைக்கு அதைத் தொடவே கூடாது.

கழுவுவது பிள்ளையின் வேலை

நல்ல பிரஷ் பல வருடம் உழைக்கும். ஐந்தே பழக்கம் போதும். வண்ணத்தைப் பாதி முடி வரை மட்டும் தோய்க்க வேண்டும், பூண் வரை போகக்கூடாது. தண்ணீர்க் கோப்பைக்குள் தலைகீழாய் நிற்க விடக்கூடாது. முடிந்ததும் பச்சைத் தண்ணீரில், கொஞ்சம் மெல்லிய சவர்க்காரத்தோடு உள்ளங்கையில் அலச வேண்டும். சுடுதண்ணீர் பூணுக்குள் இருக்கிற பசையை இளக்கிவிடும். விரலால் நுனியைக் கூராக்கி, படுக்கவைத்துக் காயவிட வேண்டும். நன்றாய்க் காய்ந்த பிறகு மூடுகிற பெட்டியில் வைக்க வேண்டும்.

கடைசியானது லண்டனில் முக்கியம். அலுமாரியில் கூறைச் சேலையைத் தின்கிற அதே அந்துப்பூச்சி சேபிள் முடியையும் தின்னும். பட்டும் முடியும் அதற்கு ஒரே சாப்பாடு.

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபம், நட்டுவாங்கம், உடுப்பு என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்காத சமூகம் நாங்கள். மிருதங்கம் பழகுகிற பிள்ளைக்குத் தோல் கிழிந்த மிருதங்கத்தை யாரும் கொடுக்கமாட்டோம். அது பிள்ளையின் கையைப் பழுதாக்கும் என்று எங்களுக்குத் தெரியும். படம் கீறுகிற பிள்ளைக்கும் அதே நியாயம்தான், செலவு மட்டும் நூறில் ஒரு பங்கு. யாராவது "பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு என்ன வாங்கிறது?" என்று கேட்டால், ஆர்ட் செட் வேண்டாம், அந்தக் காசுக்கு ஒரே ஒரு பிரஷ் போதும் என்று சொல்லுங்கோ. எந்த நம்பர் என்று கேட்பார்கள். இரண்டு.